கேளாமல் செய்ததற்கும் கூலி உண்டு

(சபையின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று போதகர் ஐயா கேட்டபோது, கர்த்தர் என் குடும்பத்துக்குச் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்வேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அந்த நன்மைகள் ஏராளம். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது ஒரு கடனைப் பற்றி. ஒன்பது வருடங்களாக நான் கொடுக்காமல் வைத்திருந்த கடன் அது. அது கடன்தான் என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு யூத முதியவர். இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கணக்குத் தீராமல் இருந்தால், அது உங்களுக்கு உதவட்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நானும் என் கணவரும் லண்டனில் முதல் வீடு தேடிக்கொண்டிருந்த காலம். நான் அப்போதுதான் இந்த நாட்டில் தாதிப் பயிற்சியை முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் பக்கத்துச் சபையைச் சேர்ந்த ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, எனக்குத் தெரிந்த ஒருவர் வீடு விற்கப்போகிறார். இன்னும் ஏஜென்டிடம் கொடுக்கவில்லை. போய்ப் பாருங்கோ" என்றார். அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று முறை வந்தார். விற்கிறவர் மனம் மாறப்பார்த்த நேரத்தில் அவர்தான் பேசி நிறுத்தினார். வீடு எங்களுக்குக் கிடைத்தது.

அந்த அக்கா கணவரை இழந்தவர். பகலில் துப்புரவு வேலை. அதோடு இப்படி வீடு, கடை, வாடகை அறை என்று ஆட்களைச் சேர்த்துவிட்டு, வந்ததை வாங்கிக்கொள்வார். இது ஊருக்கே தெரியும். எங்களுக்கும் தெரியும். நாங்கள் ஒரு சேலையும் கேக்கும் வாங்கிக்கொண்டு போய் நன்றி சொன்னோம். சில மாதங்கள் கழித்து அவர் தயங்கித் தயங்கி, "எனக்கு ஏதும் பார்த்துத் தரலாமே" என்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "அக்கா, நாங்கள் உங்களைக் கேட்கவில்லையே. நீங்கள் அன்பாகச் செய்தீர்கள் என்றல்லவா நினைத்தோம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவும் இல்லை.

பல வருடங்கள் கழித்து, நான் இரவு வேலை பார்த்த ஒரு முதியோர் இல்லத்தில் அந்த யூதப் பெரியவரைச் சந்தித்தேன். அவருடைய பெயரைச் சொல்ல என் தொழில் இடம் தராது. வைர வியாபாரத்தில் தரகராக இருந்தவர். அந்த வியாபாரத்தில் பேரம் முடிந்ததும் கை கொடுத்து, "மசால் ஊ பிராக்கா" என்று எபிரேயத்தில் சொல்வார்கள். நற்பேறும் ஆசீர்வாதமும் உண்டாகட்டும் என்று அர்த்தம். உலகில் எந்த நாட்டு வைர வியாபாரியாக இருந்தாலும், யூதராக இல்லாவிட்டாலும், அந்தச் சொல்லைச் சொன்னால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்குவது பெரிய அவமானம்.

நித்திரை வராத ஓர் இரவில் நான் என் வீட்டுக் கதையை அவருக்குச் சொன்னேன். நியாயம் என் பக்கம் என்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு, "நீ சொன்ன அதே வார்த்தையை நானூறு வருடங்களுக்கு முன்பே எங்கள் புத்தகத்தில் எழுதி, அது செல்லாது என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்" என்றார்.

அது என்ன புத்தகம் என்று பிறகு தேடி வாசித்தேன். நான் வேதசாஸ்திரம் படித்தவள் அல்ல. வாசித்து விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன்.

யூதர்களுடைய நியாயச் சட்டங்களைத் தொகுத்த நூல் ஷுல்கான் அரூக். யோசேப்பு காரோ என்ற ரபி எழுதியது. 1565இல் வெனிஸ் நகரத்தில் முதலில் அச்சாயிற்று. அதில் பணம், சொத்து, வியாபார வழக்குகளைப் பற்றிய பகுதிக்கு 'ஹோஷென் மிஷ்பாத்' என்று பெயர். நமக்குத் தெரிந்த சொற்கள்தான் அவை. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆரோன் நெஞ்சில் தரித்துக்கொள்ளும் நியாயவிதி மார்ப்பதக்கம்தான் அது. கடன், கூலி, தரகு பற்றிய சட்டங்களுக்குப் பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். பணக் கணக்கும் ஆராதனையும் வேறு வேறு என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு பிரசங்கம்.

அந்தப் பகுதியில் 185ஆம் அதிகாரம் முழுவதும் தரகரைப் பற்றியது. எபிரேயத்தில் தரகருக்கு 'சர்சூர்' என்று பெயர். காரோவின் நூலுக்குப் போலந்தின் கிராகோவ் நகரத்து ரபி மோசே இசர்லெஸ் குறிப்புகள் எழுதினார். அவர் 1572இல் இறந்தவர். 264ஆம் அதிகாரத்தில் அவர் எழுதிய குறிப்பைத்தான் அந்தப் பெரியவர் சொன்னார். அதன் கருத்து இது: ஒருவன் இன்னொருவனுக்கு ஒரு வேலையையோ நன்மையையோ செய்தால், "நான் உன்னிடம் சொல்லவில்லை, ஆகையால் நீ இலவசமாகத்தான் செய்தாய்" என்று மற்றவன் தப்பிக்கொள்ள முடியாது, அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும்.

நான் அக்காவிடம் சொன்ன வார்த்தையும் அதுதானே.

இதற்கு வேர் இன்னும் பழையது. தால்மூத் என்ற பெரிய நூலில், பாவா மெட்சியா என்ற பகுதியில் ஒரு வழக்கு வருகிறது. ஒருவன் மற்றவனுடைய வயலில் அனுமதி இல்லாமல் இறங்கி மரக்கன்றுகளை நட்டுவிடுகிறான். வயல்காரன் கூலி கொடுக்க வேண்டுமா? நட்டவனுக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று ரபிகள் விவாதிக்கிறார்கள். சாமுவேல் என்ற ரபி, அப்படிப்பட்ட வயலில் கன்று நடுவதற்கு மனிதர் வழக்கமாக எவ்வளவு கொடுப்பார்களோ அதை மதிப்பிட வேண்டும் என்கிறார். வயல் நடுகைக்கென்றே இருந்தால், அவன் செய்த வேலை உனக்குத் தேவையான வேலை. பயனை அனுபவித்துக்கொண்டு, அவனை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. பிற்காலத்து அறிஞர்கள் தரகரின் கூலிக்கும் இதையே அடிப்படையாகக் காட்டினார்கள். வீடு தேடிக்கொண்டிருந்த நாங்கள் நடுகைக்குக் காத்திருந்த வயல். அக்கா கன்று நட்டார். பழத்தை நாங்கள் சாப்பிட்டோம்.

ஆனால் இந்தச் சட்டம் தரகருக்கு மட்டும் சாதகமானது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மேலும் பாரம் வைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடஸ் என்ற ரபி ஓர் உதாரணம் சொல்கிறார். ரூபன் ஒரு பொருளைத் தரகனாகிய சிமியோனிடம் கொடுத்து, "நூறுக்குக் குறைத்து விற்காதே" என்கிறான். தரகன் ஐம்பதுக்கு விற்றுவிட்டால், மீதி ஐம்பதைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். சரி, இருநூறுக்கு விற்றால்? முழு இருநூறும் ரூபனுக்கே. "நீ கேட்டது நூறுதானே" என்று மிச்சத்தைத் தரகன் தன் பையில் போட முடியாது. தரகன் கூலி வாங்கும் தூதன். கூலி அவனுடையது, விலை உரிமையாளனுடையது.

நம் மத்தியில் வீடும் கடையும் காணியும் சேர்த்துவிடுகிற சகோதரர்கள் இருக்கிறார்கள். ஊரில் உள்ள காணியை இங்கே இருந்தபடி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். விற்பவருக்கு ஒரு விலையும் வாங்குபவருக்கு ஒரு விலையும் சொல்லி இடையில் நிற்பதை நாம் சாமர்த்தியம் என்கிறோம். ரூபனும் சிமியோனும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

கலியாணத் தரகருக்கு எபிரேயத்தில் 'ஷத்கான்' என்று பெயர். அவரும் மற்றத் தரகரைப் போலவே என்று இசர்லெஸ் எழுதுகிறார். சம்பந்தம் பேசி முடித்தவுடன் கூலி கொடுப்பதா, கலியாணம் நடந்த பிறகு கொடுப்பதா என்ற கேள்விக்கு, அந்த இடத்து வழக்கத்தைப் பார் என்கிறார். வழக்கம் என்று ஒன்று இல்லாத இடத்தில் கலியாணம் வரை பொறுக்கலாம். ஒருவர் பேச்சைத் தொடங்கி, இன்னொருவர் நடுவில் நடத்தி, மூன்றாமவர் முடித்து வைத்தால்? கூலியை மூன்றாகப் பிரித்த நியாயாதிபதிகள் உண்டு. தொடங்கியவரைக் கழற்றிவிட்டு, "நாங்களே நேரில் பேசி முடித்துக்கொண்டோம்" என்று சொல்வது எங்கும் நடப்பதுதான். முதல் கதவைத் திறந்தவருக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கூலி கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. தால்மூத்தின் பாவா கம்மா பகுதியில் வரும் ஒரு வழக்கை வாசித்தபோது என் மனம் கலங்கியது. ஒருவன் சிறையிலிருந்து தப்பி ஓடுகிறான். எதிரே ஆறு. ஓடக்காரனிடம், "இவ்வளவு தருகிறேன், என்னை அக்கரைக்குக் கொண்டுபோ" என்று பெருந்தொகை சொல்கிறான். அக்கரை சேர்ந்ததும் எவ்வளவு கொடுக்க வேண்டும்? வழக்கமான ஓடக்கூலி மட்டும்தான். உயிருக்குப் பயந்தவன் வாயில் வந்த தொகையை வைத்து அவனைப் பிடிக்க முடியாது. ஆனால் ஓடக்காரன் மீன் பிடித்துக்கொண்டிருந்த வேலையை விட்டு வந்தவனாக இருந்தால், அவன் இழந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்போது சொன்ன தொகையைக் கொடுக்க வேண்டும்.

இதை வாசிக்கும் நம்மில் பலருக்கு 'ஏஜென்சி' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் வீட்டை ஈடு வைத்து, தாலிக்கொடியை விற்று அக்கரை சேர்ந்தவர்கள் நாம். அந்த ஆற்றங்கரையில் நின்றவர்கள் நாம். அப்படிப்பட்டவனுக்கு நியாயம் எழுதி வைத்த ஒரு சட்டம் இந்த உலகத்தில் இருந்திருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்று ஓடக்காரனின் இடத்தில் நாம் நின்றால், விசாவுக்கும் வேலைக்கும் அலைகிற பிள்ளையிடம் எவ்வளவு கேட்கிறோம் என்று நம்மை நாமே சோதிக்க வேண்டும்.

சில உதவிகளுக்குக் கூலி கேட்கவே முடியாது. காணாமல் போன பொருளைக் கண்டெடுத்துத் திருப்பிக் கொடுப்பது வேதம் கட்டளையிட்ட கடமை. அதற்குக் கூலி இல்லை. அதற்காகத் தன் வேலையை விட்டு நேரம் இழந்தவனுக்கு அந்த இழப்பை மட்டும் ஒரு கணக்கில் கொடுக்கலாம் என்று மிஷ்னா சொல்கிறது. என் தொழிலிலும் இப்படித்தான். இந்த நாட்டில் தாதிமாருக்கான நடத்தை விதி, நோயாளிகளிடம் மிக அற்பமானதைத் தவிர வேறு பரிசுகளை வாங்கக்கூடாது என்கிறது. ஒரு நோயாளியை ஓர் இல்லத்துக்கோ ஒரு மருந்துக் கடைக்கோ அனுப்பி அதற்குக் கொமிஷன் வாங்குவது உதவி அல்ல, நம்பிக்கையை விற்பது.

இப்போது நம்முடைய வேதத்துக்கு வருவோம். இதெல்லாம் யூதருடைய சட்டம், நாம் கிருபைக்குட்பட்டவர்கள் என்று யாராவது சொல்லலாம். ஆனால் இந்தச் சட்டங்கள் முளைத்த நிலம் நம்முடைய பழைய ஏற்பாடுதான்.

ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சாராளை அடக்கம் பண்ண நிலம் வாங்க வந்த ஆபிரகாம், எப்பெரோனிடம் தனக்காகப் பேசும்படி ஏத்தின் புத்திரரை வேண்டிக்கொள்கிறார். எப்பெரோன் இலவசமாகத் தருவதாகச் சொன்னபோதும், 400 சேக்கல் வெள்ளியை எல்லோரும் கேட்க நிறுத்துக் கொடுக்கிறார். அடுத்த அதிகாரத்தில் ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் போன ஊழியக்காரன், புறப்படும் முன்பே கேள்வி கேட்கிறான்: பெண் வர மறுத்தால் என்ன செய்வது? அப்போது நீ ஆணைக்கு நீங்கலாக இருப்பாய் என்று ஆபிரகாம் தெளிவாகச் சொல்கிறார். நிபந்தனையை முதலிலேயே பேசிக்கொண்டார்கள். அங்கே போனதும், வந்த காரியத்தைச் சொல்லாமல் சாப்பிடவும் அவன் சம்மதிக்கவில்லை. நல்ல தரகருக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

லேவியராகமம் 19:13 கூலியை விடியுமட்டும் வைத்திருக்கக்கூடாது என்கிறது. உபாகமம் 24:15 பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது. தரகரும் இந்தக் கட்டளைக்குள் வருவாரா என்று ரபிகள் விவாதித்தார்கள். வருவார் என்று சொன்னவர்கள் உண்டு. கூலிக்காரன் கேட்காதவரை இந்தக் கட்டளை மீறப்படவில்லை என்றும் மிஷ்னா சொல்கிறது. அதை வாசித்தபோது முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகுதான் நினைத்தேன்: அக்கா கேட்டாரே. வெட்கத்தை விட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒருமுறை கேட்டாரே.

நம் ஆண்டவரும் வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று லூக்கா 10இல் போதித்தார். யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில், பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிறார். நான் அந்த வசனத்தைப் பெரிய பண்ணைக்காரர்களுக்கும் முதலாளிகளுக்கும் எழுதியது என்று நினைத்து வாசித்து வந்தேன். இரண்டு அறை வீடு வாங்கிய ஒரு தாதிக்கும் அது எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஒன்பது வருடங்கள் ஆயிற்று.

அன்பானவர்களே, வாசித்து மூடி வைக்காமல் செய்து பார்க்கச் சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆரம்பத்திலேயே பேசுங்கள். "பிறகு பார்ப்போம்", "உங்களைக் கவனிப்போம்" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது, காரியம் முறிந்தால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். இஸ்ரவேல் நாட்டின் 1996ஆம் ஆண்டுச் சட்டம்கூட வீட்டுத் தரகர் கூலி கேட்க வேண்டுமானால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்கிறது. எழுதுவது அவநம்பிக்கை அல்ல. நாளைக்கு உறவைக் காப்பாற்றுவது அதுதான்.

இரண்டாவது, இலவசமாகச் செய்ய விரும்பினால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். "இது அன்புக்குச் செய்கிறேன்" என்று சொன்ன பிறகு மனதுக்குள் கணக்கு வைக்காதீர்கள்.

மூன்றாவது, பேசாமல் விட்டிருந்தால், வழக்கமாக மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து அதைக் கொடுங்கள். காரியம் முடிந்த அன்றே கொடுங்கள். உங்கள் சகோதரியைக் கேட்க வைக்காதீர்கள்.

நான்காவது, தரகு செய்கிறவர்கள் இரண்டு பக்கமும் வாங்குவதாக இருந்தால் இரண்டு பக்கமும் அதைச் சொல்லுங்கள். நாட்டின் சட்டம் அனுமதிப்பத்திரமோ பதிவோ கேட்டால் அதற்கும் கீழ்ப்படியுங்கள். நாட்டின் சட்டமும் சட்டமே என்று சாமுவேல் ரபி அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்.

ஐந்தாவது, பிணக்கு வந்தால் மௌனமாகப் பிரிந்து போகாதீர்கள். யூதர்கள் தங்கள் 'பேத் தின்' என்ற நியாய சபைக்குப் போகிறார்கள். நமக்கு மூப்பர்கள் இருக்கிறார்கள். பவுல் 1 கொரிந்தியர் 6இல் கேட்ட கேள்வி நம்மையும் கேட்கிறது: சகோதரருடைய வழக்கைத் தீர்க்க நம்மில் ஒரு விவேகியும் இல்லையா?

என் கதையை முடிக்கிறேன். நான் விசாரித்தேன். அந்த நாட்களில் எங்கள் ஊரவர்கள் இப்படி வீடு காட்டித் தருகிறவருக்குக் கொடுத்தது 1,000 பவுண் அளவு என்று அறிந்தேன். கணவரோடு பேசினேன். ஒரு சனிக்கிழமை இருவரும் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நான் உறையை நீட்டி, "அக்கா, இது உங்கள் கூலி. நாங்கள் செய்தது பிழை" என்றேன்.

அவர் உறையைத் திறந்து அங்கேயே நின்று ஒவ்வொரு தாளாக எண்ணினார். எனக்குச் சுருக்கென்றது. எண்ணாமல் வாங்கிக்கொள்வார், "எதுக்குப் பிள்ளை இது" என்று மறுப்பார் என்று மனதுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போலும். பிறகுதான் புரிந்தது. நன்கொடையை எண்ண மாட்டார்கள். கூலியைத்தான் எண்ணுவார்கள். அவர் எண்ணினது சரி.

எண்ணி முடித்து மடித்து வைத்துவிட்டு, "உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றார்.

அந்த ஒன்பது வருடங்கள் திரும்பி வரப்போவதில்லை. என் மகளின் முதல் திருவிருந்துக்கு அவர் வரவில்லை. அவருடைய மகன் கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அந்த இழப்புக்கு நான் கணக்குக் காட்ட முடியாது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த மலரை மூடி வைப்பதற்கு முன் நினைத்துப் பாருங்கள்: இன்று நீங்கள் இருக்கும் வீடு, செய்யும் வேலை, பிள்ளைக்குக் கிடைத்த சம்பந்தம், இவற்றுக்கு நடுவில் நின்றவர் யார்? அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதா?

சேரவில்லையென்றால், பொழுது போகுமுன் தொலைபேசியை எடுங்கள். கர்த்தர் உங்கள் கொடுக்கல் வாங்கலையும், உங்கள் வீட்டையும், நம் சபையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.